வரலேன்னா சம்பளத்தப் பிடிக்கறீங்களா?

கேள்வி: பங்களாதேஷ்ல துணி ஃபேக்டரி இடிஞ்சு விழுந்து ஆயிரம் பேருக்கு மேல செத்ததப் பத்தி டாக்குமென்டரி பாத்தேன். அன்னைலேர்ந்து அந்த நாட்டு டிரஸ் எதையும் வாங்கறதில்ல. மாசம் 500 ரூபா ஒரு டிரஸ்ட்டுக்கு அனுப்பறேன். உலகத்துல இவ்ளோ வறுமை, இவ்ளோ அநியாயம், என்னை மாதிரி ஒரு பேங்க் கிளார்க் இதுக்கு மேல என்னதான் பண்ணிட முடியும்?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: 500 ரூபா அனுப்பறத நிறுத்தாதீங்கம்மா. அந்த ஊர் துணிய வாங்க மாட்டேன்னு இருக்கீங்க பாருங்க, அத நிறுத்துங்க. ஏன்னு சொல்றேன்.

நீங்க பாத்த கட்டடம் ராணா பிளாசா, டாக்கா பக்கத்துல சாவார்ங்கற ஊர்ல இருந்துச்சு. 2013 ஏப்ரல் 23ஆம் தேதியே சுவரெல்லாம் விரிசல் விட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. மறுநாள் காலைல கீழ இருந்த பேங்க் திறக்கல, கடைங்க திறக்கல, மேல இருந்த கார்மென்ட்ஸ் மட்டும் திறந்துச்சு. வேலைக்கு வந்த பொண்ணுங்க உள்ள போக பயந்து வெளியவே நின்னிருக்காங்க, போகலேன்னா அந்த மாசச் சம்பளம் கிடையாதுன்னு மிரட்டுனதா தப்பிச்சவங்க சொன்னாங்க. மாசக் கடைசி, வாடகை குடுக்கணும், அரிசி வாங்கணும், மாடி ஏறிட்டாங்க. 9 மணி ஆகறதுக்குள்ள எட்டு மாடியும் அப்படியே உக்காந்துடுச்சு. 1,134 பேர் போயிட்டாங்க.

நீங்க பேங்க்ல இருக்கறதால கேக்கறேன், ஒரே கட்டடம், ஒரே விரிசல், பேங்க்ல வேலை பாத்தவங்க அன்னைக்கு வீட்ல இருந்தாங்க, தையல் மிஷின்ல இருந்தவங்க ஏன் இல்ல? சுவத்துல விரிசல்னு உங்க கிளைய ஒரு நாள் மூடினா உங்க சம்பளத்துல யாராவது கை வைக்க முடியுமா? யூனியன் இருக்கு, சட்டம் இருக்கு, கேப்பீங்க. அந்தப் பொண்ணுங்களுக்கு அப்ப கார்மென்ட்ஸ்ல குறைஞ்சபட்ச சம்பளமே மாசம் 3,000 டாகாதான் (டாகாங்கறது அந்த நாட்டுப் பணம்), அதையும் பிடிச்சுட்டா வீட்ல அடுப்பு எரியாது. காசு கம்மிங்கறது வறுமைல ஒரு பாதிதான், இன்னொரு பாதி 'நான் வரமாட்டேன்'னு சொல்ல முடியாம போறது.

இப்ப நீங்களும் நானும் வாங்காம விட்டா என்ன ஆகும்? அந்தத் தொழில்ல சுமார் 40 லட்சம் பேர் இருக்காங்க, பெரும்பாலும் கிராமத்துலேர்ந்து வந்த பொண்ணுங்க. ஆர்டர் குறைஞ்சா முதல்ல வெளிய போறது அவங்கதான். 2020ல கொரோனா வந்தப்ப இது கண்ணெதிர நடந்துச்சு, தைச்சு முடிச்சு ரெடியா இருந்த துணிக்கே பெரிய பெரிய பிராண்டுங்க ஆர்டர கேன்சல் பண்ணிட்டாங்க, பங்களாதேஷ்ல மட்டும் 300 கோடி டாலர் அளவுக்கு. லட்சக்கணக்கான பேர வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்புனாங்க. அப்ப பல நாட்டு கஸ்டமருங்க சேந்து 'பே அப்'னு ஹேஷ்டேக் போட்டு, தைச்சவங்களுக்கு காசக் குடுன்னு பிராண்டுங்களோட பக்கத்துலயே போய் விடாம கேட்டாங்க. பல பிராண்டுங்க இறங்கி வந்து குடுக்கறோம்னு ஒத்துக்கிட்டாங்க. ராணா பிளாசா குடும்பங்களுக்கு நஷ்டஈடு தராம இழுத்துக்கிட்டு இருந்த பெனட்டன்ங்கற துணி பிராண்ட் 2015ல காசு கட்டினதும் பத்து லட்சம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டப்புறம்தான். அதனால வாங்குங்க, வாங்கிட்டு கேளுங்க. இத தைக்கற ஃபேக்டரிங்க லிஸ்ட்ட வெளியிட்டிருக்கீங்களா, தொழிலாளர் யூனியனோட பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கீங்களான்னு ரெண்டு வரி மெயில் போதும். ராணா பிளாசாவுக்கு அப்புறம் பிராண்டுங்களும் யூனியனுங்களும் சேந்து போட்ட அக்கார்டுங்கற ஒப்பந்தத்துலதான் ஆயிரத்துக்கு மேல ஃபேக்டரிங்கள செக் பண்ணி, பூட்டிக் கிடந்த வழியெல்லாம் திறக்க வச்சாங்க. பிராண்டுங்க தாங்களே வச்சுக்கிட்ட ஆடிட் அந்த இடிஞ்ச கட்டடத்துலயும் நடந்திருக்கு, ஒரு உயிரையும் காப்பாத்தல.

சரி, டாக்கா தூரம். சேலம் கடைவீதி பக்கம்தானே? கோழிக்கோட்டுல மிட்டாய்த் தெருன்னு ஒரு துணிக்கடைத் தெரு இருக்கு. அங்க வேலை பாத்த பொண்ணுங்களுக்கு நாள் முழுக்க உக்காரக் கூடாது, டாய்லெட்டும் கிடையாது, அதனால தண்ணியே குடிக்காம இருந்தாங்க. விஜின்னு ஒரு தையல்காரம்மா அவங்கள எல்லாம் ஒண்ணு சேத்து 'பெண்கூட்டு'ன்னு ஆரம்பிச்சு வருஷக்கணக்கா போராடுனாங்க, 2018ல கேரளா சட்டத்தையே திருத்துச்சு. 2021ல நம்ம தமிழ்நாட்டுலயும் வந்துடுச்சு, கடைல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சீட் போட்டே ஆகணும். சட்டம் வந்து இத்தனை வருஷமாச்சு, புடவை எடுக்கப் போறப்ப அந்தக் கவுன்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கான்னு என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கீங்களா? அடுத்த தடவ பாருங்க. ஸ்டூல் இல்லேன்னா அந்தப் பொண்ணுகிட்ட 'ஏம்மா உக்காரலையா'ன்னு கேட்டுடாதீங்க, கேமரா இருக்கு, சூப்பர்வைசர் இருக்காரு, கஸ்டமர்கிட்ட என்ன பேச்சுன்னு அவமேலதான் பாய்வாங்க. பில் போடறப்ப மேனேஜரக் கூப்பிட்டு, சீட் எங்க சார், சட்டம் இருக்குல்லன்னு நீங்களா பாத்த மாதிரி கேளுங்க. கூட வந்த அத்தையும் நாத்தனாரும் கேக்கட்டும். முகூர்த்தப் புடவைக்கு அறுபதாயிரம் குடுக்கற குடும்பம் கேட்டா அந்த மேனேஜர் காது குடுத்துத்தான் ஆகணும், அவருக்குக் கீழ நிக்கற பொண்ணு கேட்டா வேலை போயிடும்.

கடைசியா உங்க வீடு. பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவாங்கன்னு நெனைக்கறேன், பேங்க் வேலைக்குப் போற வீட்ல பெரும்பாலும் வருவாங்க. அவங்களுக்கு காய்ச்சல்னு ரெண்டு நாள் வரலேன்னா சம்பளத்துல பிடிக்கறீங்களா? பிடிச்சீங்கன்னா, வரலேன்னா காசு கிடையாதுன்னு சாவார்ல சொன்ன அதே வார்த்தைதான், எனக்கு இத வேற எப்படி சொல்றதுன்னு தெரியல. உங்களுக்கு கேஷுவல் லீவு உண்டு, மெடிக்கல் லீவு உண்டு, அவங்களுக்கும் மாசம் நாலு நாள் சம்பளத்தோட லீவுன்னு வச்சுடுங்க, ஒண்ணாந்தேதி உங்க அக்கவுன்ட்ல சம்பளம் ஏறுன அன்னைக்கே அவங்க கைக்கும் போயிடணும். வீட்டு வேலை செய்யறவங்களுக்குன்னு தமிழ்நாட்டுல 2007லேர்ந்து நல வாரியம் இருக்கு, பிள்ளைங்க படிப்புக்கு உதவி, 60 வயசுக்கு மேல பென்ஷன் எல்லாம் உண்டு, பதிவு பண்ணணும் அவ்ளோதான். நாள் பூரா ஃபாரமும் கேஒய்சியும் பாக்கற உங்களுக்கு அது ஒரு ஞாயித்துக்கெழம காலை வேலை, ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துட்டு வரச் சொல்லி கூட உக்காந்து முடிச்சுக் குடுங்க. அப்படியே லீவு எடுத்தா காசு பிடிக்க மாட்டோம்க்கான்னு அவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க, நீங்க மனசுக்குள்ளயே நெனச்சுக்கிட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும், காய்ச்சலோடயேதான் வருவாங்க.