நுன்சாக்கு வாங்கித் தரலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. புரூஸ் லீ படங்களைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இரண்டு கட்டைகளைச் சங்கிலியால் இணைத்த நுன்சாக்கு என்ற ஆயுதத்தை இணையக் கடையில் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிறான். "நாங்களும் சின்ன வயதில் சுழற்றியவர்கள்தாம், வாங்கிக் கொடு" என்கிறார் என் கணவர். வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் கணவர் சுழற்றியது உண்மையாக இருக்கலாம். அது எங்கே பட்டது என்பதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. நானும் படம் பார்த்துவிட்டு வந்த அன்றே பழைய துடைப்பக் கட்டையை இரண்டாக அறுத்து, நாய்ச் சங்கிலியில் கோத்து, வீட்டின் பின்புறம் நின்று சுழற்றியவன்தான். மூன்றாவது சுற்றில் ஒரு கட்டை மடங்கி வந்து முழங்கை எலும்பில் இறங்கியது. ஒரு வாரம் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. சங்கிலி காணாமற் போனதற்கு அப்பாவிடம் தனியாக வாங்கிக்கொண்டேன்.

வீசிய கட்டை எதிலும் படாவிட்டால் அது திரும்பி வருமிடம் வீசியவனின் உடம்புதான். அதை அக்குளில் ஏந்துவதா, தோளுக்குப் பின்னால் பிடிப்பதா என்பதுதான் பயிற்சியே. பதின்ம வயதிலேயே ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் என்னும் குங்ஃபூ முறையைப் பயின்ற புரூஸ் லீகூட, நுன்சாக்கைத் தற்காப்புக் கலைஞர் டான் இனொசாண்டோவிடம் கற்றுக்கொண்டுதான் 1972, 1973 படங்களில் கையில் எடுத்தார். பையன்கள் பார்த்துச் செய்வார்கள் என்று அஞ்சிப் பிரிட்டனின் தணிக்கைக் குழு அந்தக் காட்சிகளைப் பல ஆண்டுகள் வெட்டியே வைத்திருந்தது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். படத்தை அவன் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் உங்கள் கணவர் யோசிக்க வேண்டும். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது நம் மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கிக் கொடுத்த பொருள் வீட்டிலேயே கிடக்காது. நண்பர்களுக்குக் காட்டுவதற்காக என்றாவது ஒருநாள் பள்ளிப்பைக்குள் ஏறும்.

பையனின் ஆசையைக் கெடுக்க வேண்டாம், சிலம்பத்தில் சேர்த்துவிடுங்கள். கோயில் திடலிலோ சமூக மண்டபத்திலோ மாலையில் சொல்லிக்கொடுக்கும் ஆசான் உங்கள் பக்கத்திலும் இருப்பார். ஆனால் சேர்க்கும் முன், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை போய், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள். கையில் கம்பே இல்லாமல் காலடியை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் அந்த ஆசானை நம்பலாம். காலடி படிந்த பிறகு, நெற்றியளவு உயரமுள்ள கம்பு. அதிலும் முதலில் வெறும் சுழற்சி, பிறகு வீச்சு, தடுப்பு, அதற்கும் பிறகே எதிராளோடு நிற்பது. கூரிய ஆயுதங்களான மான்கொம்பும் சுருள்வாளும் பல ஆண்டுகள் தள்ளி வருபவை. சேர்ந்த இரண்டாம் மாதமே பிள்ளையின் கையில் சுருள்வாளைக் கொடுத்து மேடையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிற வகுப்பானால், கட்டணம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

காலடியில் பையன் முதல் மாதமே சலித்துப்போவான், "இது படத்தில் இல்லையே" என்பான். அப்போது அவனுக்குப் பக்கத்தில் நின்று அதே காலடியை வைக்க ஓர் ஆள் இருந்தால் நல்லது. பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிற ஆசான்கள் உண்டு, கணவரிடம் சொல்லுங்கள்.