கேம்பர்வேன் சிங்க்கில் அழுகிய முட்டை நாற்றம்: கிருமிநாசினி ஊற்றியும் போகவில்லையே?

கழிவுநீர் டேங்கில் கிருமிநாசினி ஊற்றியும் பலனில்லை, கேமரன் மலைக்குப் போய்வந்ததும் நாற்றம் கூடிவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் டேங்க் மட்டும் காரணமில்லை. முதலில் சிங்க், ஷவர் இரண்டின் வாயையும் ரப்பர் மூடியால் அடைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் வாடை இல்லையென்றால் குழாய் வழியாகத்தான் ஏறுகிறது. அப்போதும் நாறினால் டேங்க் மூடியையும் ஹோஸ் இணைப்புகளையும் பாருங்கள்.

வீட்டு சிங்க்கின் கீழே யு வளைவில் நிற்கும் தண்ணீர் வாயுவைத் தடுக்கிறது. வேனில் இடமில்லை என்று ஆழம் குறைந்த வளைவு வைப்பார்கள்; வேனைக் கேம்பர்வேனாக மாற்றித்தரும் சில பட்டறைகளில் அதுவும் கிடையாது. விளக்கு, மரவேலைக்கெல்லாம் காசு வாங்கத் தெரியும், ஒரு வளைவு வைக்கத் தெரியாது! தாப்பாவிலிருந்து கேமரனுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கொஞ்சத் தண்ணீரும் குலுங்கி டேங்குக்குள் போய்விடும். கோலாலம்பூர் வெயிலில் நிறுத்தியே வைத்தால் வற்றிவிடும். சன்னல்களை அடைத்துவிட்டுக் கூரை ஃபேன் போட்டால், அது டேங்கின் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஒரு சன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.

செலவில்லாத வழி: சிங்க்குக்கு அடியிலேயே ஹோஸை 5 செ.மீ. ஆழத்துக்குத் தொங்கும் வளைவாகக் கட்டுங்கள். நிலையான தீர்வு, தண்ணீரே தேவைப்படாத சிலிகோன் சவ்வு வால்வு. ஹெப்வோ (HepvO) என்ற பெயரில் கிடைக்கும். அம்புக்குறி தண்ணீர் ஓடும் பக்கம் இருக்கவேண்டும். படுக்கவைத்தால் சற்றே சரிவு வேண்டும். உள்ளே பிரஷ் விடக்கூடாது. சிங்க்கில் தண்ணீர் விட்டதும் 'குளக் குளக்' என்று சத்தம் கேட்டால் டேங்குக்குக் காற்றுக்குழாய் இல்லை அல்லது அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த வால்வும் முழுப் பலன் தராது.

இனி கழுவுவது. சம்பல் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் மடிப்பு மடிப்பான ஹோஸின் பள்ளங்களில் படிந்து, காற்றில்லாத இடத்தில் பாக்டீரியாவுக்குத் தீனியாகின்றன. முட்டை வாடை அங்கிருந்துதான். முடிந்தால் உள்பக்கம் வழுவழுப்பான ஹோஸுக்கு மாற்றுங்கள். 60 லிட்டர் டேங்குக்கு 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், என்சைம் உள்ள சலவைத்தூள் 2 மேசைக்கரண்டி. சிங்க் வழியாகவே ஊற்றுங்கள், ஹோஸும் கழுவப்படும். கொதிநீர் என்சைமைக் கொன்றுவிடும். அரைமணி நேரம் மேடுபள்ளமான ரோட்டில் ஓட்டி, இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் வடித்து இரண்டுமுறை அலசுங்கள்.

வினிகரும் பேக்கிங் சோடாவும் போதுமே என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை மட்டும் மிச்சம். குளோராக்ஸ் போன்ற ப்ளீச்சோடு வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடிய வேனில் அது உயிராபத்து.

டாய்லெட் கேசட்டில் (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) வாடை வந்தால் மூடியின் ரப்பர் சீலைத் துடைத்து சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். சமையல் எண்ணெயும் வாசலினும் ரப்பரைக் கெடுக்கும்.

அழுக்குத் தண்ணீரை லோங்காங்கில் (தெருவோர வடிகால்) திறந்துவிடாதீர்கள். அது கிள்ளான் ஆற்றுக்குத்தான் போகும். நெடுஞ்சாலை ஓய்விடமான ஆர் அண்ட் ஆரில் கார் நிறுத்துமிடத்திலேயே வால்வைத் திறந்துவிட்டுக் கிளம்புகிறவர்களால்தான் வேன்காரர்கள் எல்லோருக்கும் கெட்டபெயர். வாளியில் பிடித்துக் கழிவறையில் ஊற்ற எவ்வளவு நேரமாகிவிடும்?

நீண்டநாள் நிறுத்தும்போது டேங்கை வடித்து, வால்வைத் திறந்தபடி விட்டு, சிங்க்கை அடைத்துவையுங்கள். தட்டை டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கழுவும் பழக்கம் இருந்தால் சலவைத்தூள் வேலை மாதம் ஒருமுறை போதும்.