கல்ட்டா, கல்தாவா?

கேள்வி: நடிகராக இருந்து இயக்குநரான சார்லஸ் லாட்டனுக்குக் 'கல்ட்' (ஒரு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும்) சினிமாவில் என்ன இடம்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: 'கல்ட்' என்று யாராவது எழுதினால் எனக்குக் 'கல்தா'தான் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை தியேட்டரை விட்டுப் போனால், செவ்வாய்க்கிழமை அது 'கல்ட்'. இயக்குநரே பேட்டியில் சொல்லிக்கொள்கிறார். ஐயா, ஜனங்கள் உங்களுக்குக் கொடுத்தது கல்தா. கல்ட் ஆக இருபது, முப்பது வருஷம் காத்திருக்க வேண்டும். முடிந்தால் நடுவில் செத்தும் போக வேண்டும்.

லாட்டன் அதைச் செய்தார். 1933 படமொன்றில் எட்டாம் ஹென்றியாக நடித்து ஆஸ்கார் வாங்கிய மனிதர், தன் பெயரில் இயக்கிய ஒரே படம் 1955இல் வந்த 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்'. வசூலில் சரியான அடி. அதன்பின் அவர் படம் இயக்கவே இல்லை. 1962இல் காலமானார். 2008இல் பிரான்சின் சினிமாப் பத்திரிகை 'கய்யே து சினிமா' வெளியிட்ட நூறு சிறந்த படங்களின் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இந்தப் படம்!

எனக்குப் பிடித்த விஷயம், லாட்டன் இதில் தலைகாட்டவே இல்லை என்பது. நம் ஊர் நடிகர்கள் இயக்குநரானால் முதலில் தயாராவது அவர்களுடைய அறிமுகக் காட்சி. லாட்டனோ, அடிவானத்தில் வில்லன் குதிரையில் போகும் காட்சிக்கு, ஸ்டுடியோவுக்குள் தூரம் தெரியவேண்டும் என்று குள்ளமான ஒருவரை மட்டக்குதிரையில் ஏற்றி விட்டார். கிராஃபிக்ஸ்காரர்கள் கவனிக்க.

அந்த வில்லன், போலிப் பாதிரியார் ராபர்ட் மிட்சம், வலது கை விரல்களில் 'லவ்', இடது கை விரல்களில் 'ஹேட்' என்று பச்சை குத்தியிருப்பார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நான்கு எழுத்து, விரலுக்கு ஒன்று. பல வருஷம் முன்பு இதே பக்கத்தில் இதை 'அன்பு, பகை' என்று எழுதினேன். விமர்சக நண்பர் ஒருவர் "அன்பு இல்லை, காதல்" என்று சண்டைக்கு வந்தார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது எண்ணிப் பார்த்தால் இருவருமே தப்பு. அன்புக்கு மூன்று எழுத்து, காதலுக்கும் மூன்று, பகைக்கு இரண்டே. விரல்கள் மிஞ்சுகின்றன. 'விருப்பு, வெறுப்பு' என்று போட்டால் கைக்கு நான்கு, கச்சிதம், மோனைகூட இருக்கிறது. என்ன, கைக்கு ஒரு விரல் வெறும் 'ப்' என்று திரிய வேண்டும்.

நண்பர் இதைப் படித்தால் போன் செய்யலாம்.