கண்ணாடி அலமாரி: கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்கு 34 வயது. அம்பாசமுத்திரத்தில் வங்கி வேலை. மாதம் ஆயிரம் ரூபாய்க்காவது புத்தகம் வாங்கிவிடுவேன். இப்போது 640 இருக்கிறது. தேக்கில் கண்ணாடிக் கதவு போட்டு அலமாரி செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, உள்ளே வரிசை எண். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, ஒன்றிரண்டை மோந்து பார்த்துத் திரும்ப அடுக்குவேன். வாங்கப் போன அன்றைய பஸ் டிக்கெட்டைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுவேன். வீட்டில் இதைக் கிறுக்கு என்கிறார்கள். எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

இரவல் மட்டும் கொடுப்பதில்லை. கொடுத்த ஏழு புத்தகம் திரும்பி வரவில்லை. 'இரவல் கேட்காதீர்கள்' என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். படிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஊரில் நூலகம் இருக்கிறதே.

என் கேள்வி இதுதான். மழைக்காலம் முடிந்து பார்த்தால் இரண்டு புத்தகத்தில் ராமபாணப் பூச்சி. அட்டைக்கு அட்டை துளை. பாச்சை உருண்டை வாடை எனக்குத் தலைவலி. வேறு என்ன செய்யலாம்? அப்புறம், ஆசிரியர் வாரியாக அடுக்குவது நல்லதா, பதிப்பகம் வாரியாகவா?

எஸ்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

எப்படி அடுக்கினாலும் சரிதான். தேடினால் கைக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவே. ராமபாணத்துக்கு வசம்பை ஒடித்துத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். நிழலில் காயவைத்த வேப்பிலையும் போடலாம். அரித்த இரண்டையும் இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் அந்தப் பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றுங்கள். மழைக்காலத்து ஈரம் அதற்குள் போனால் வெளியே வர வழியில்லை.

பஸ் டிக்கெட் வைப்பது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். என்னிடம் பாபநாசம் டிக்கெட் இருக்கிற புத்தகத்தைத் திறந்தால் அருவிச் சத்தம் கேட்கும். வீட்டில் கிறுக்கு என்று சொன்னால் சொல்லட்டும்.

ஆனால் கேள்விக்கு முன்னால், போகிற போக்கில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். இரவல் கொடுப்பதில்லை என்று. கதவில் எழுதி ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

நூலகம் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறதுதான். 1948-இல் போட்ட பொது நூலகச் சட்டத்தால் நாம் எல்லோரும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நான் பாதி படித்ததே அங்கேதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் அலமாரி முன்னால் நின்று ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கண்ணை அகல விரிக்கிறானே, அந்த நேரத்தில் அவனை நூலகத்துக்குப் போ என்றால் போவானா? அவனுக்கு வேண்டியது அந்தப் புத்தகம், அப்போதே, உங்கள் கையால். சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே புத்தகம் பயன்படுவதற்கு என்பதுதான். புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த காலத்தை நினைத்து எழுதியது அது. உங்கள் கண்ணாடிக் கதவுக்கும் அந்தச் சங்கிலிக்கும் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக் கதை இரண்டு சொல்கிறேன். இரண்டும் உ.வே.சா. எழுதி வைத்தவை. பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வருகிறார். கவிராயர் வீடுகளில் எல்லாம் தேடியும் வேண்டியது கிடைக்கவில்லை. பெருமாள் வீதி உலா வந்த இரவில் லட்சுமண கவிராயர் என்பவர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டில் இருந்த ஒரு சுவடியை வாங்கிவந்து கொடுக்கிறார். விளக்கு வரும்வரை பொறுக்காமல் உ.வே.சா. நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்க்கிறார். முல்லைப்பாட்டு கண்ணில் படுகிறது. 1889-இல் பத்துப்பாட்டு அச்சாகிறது. அன்றைக்கு அந்த மாமனார், எங்கள் வீட்டு ஏடு வாசல் தாண்டாது என்று சொல்லியிருந்தால்?

இன்னொன்று கரிவலம்வந்தநல்லூரில். பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்த ஏடுகள் கோயில் பொறுப்பில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு அங்கே போகிறார். ஏடு ஒன்றும் மிச்சமில்லை. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாதாம், நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட வேண்டுமாம், அப்படியே செய்துவிட்டோம் என்று பதில் சொல்கிறார்கள். யார் கைக்கும் போகாமல் குவிந்து கிடந்த ஏடு தம்பி அது. எடுத்துப் படிக்க நாலு பேர் இருந்திருந்தால் அதைக் குப்பை என்று நினைக்க ஒருவருக்கும் தோன்றியிருக்காது. எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இவ்வளவு கோபமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் வீடு திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில். ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளை பிளேடால் நறுக்கிச் சேர்ப்பாள். கதை முடிந்ததும் டவுனில் ஒரு பைண்டரிடம் கொடுப்பாள். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சி, காலிகோ முதுகு வைத்துத் தைத்துக் கொடுப்பார். அப்படி நான்கு தொகுப்பு. ஒரு பக்கம் கதை, மறுபக்கம் பாதித் துணுக்கும் தலைவலித் தைல விளம்பரமும். நாலாவது தொகுப்பில் பதின்மூன்றாம் அத்தியாயம் மட்டும் ஆச்சியின் கையெழுத்து. அந்த வாரத்து இதழ் மழையில் நனைந்துவிட்டதாம். எதிர் வீட்டில் ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, சிம்னி விளக்கில் உட்கார்ந்து பதினாறு பக்கம் எழுதி, அந்த இடத்தில் சேர்த்துத் தைக்க வைத்தாள்.

தெருவில் யார் கேட்டாலும் கொடுப்பாள். பின்னட்டைக்கு முந்தின தாளில் பெயரும் தேதியும் எழுதச் சொல்வாள். திருப்பிக் கொண்டுவருபவர்களைச் சும்மா அனுப்பமாட்டாள். "படிச்சியா, வெறுமன வச்சிருந்தியா? கதையச் சொல்லிட்டுப் போ." அவளுக்கு மனப்பாடமான கதைதான். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து முழுதும் கேட்பாள். யாராவது அழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சொன்னால் மட்டும் நிறுத்துவாள்.

ஆச்சிக்குப் பிறகு தொகுப்புகள் என்னிடம் வந்தன. நான் என்ன செய்தேன்? நீங்கள் செய்ததையே செய்தேன். பீரோவின் அடித்தட்டில் துணி சுற்றிப் பூட்டிவைத்தேன். நாலாவதை மட்டும் 2012-இல் சுரண்டையில் இருக்கும் மதினி, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தபோது கேட்டு வாங்கிப் போனாள். வருஷக் கணக்கில் திரும்பி வரவில்லை. ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டேன். "தாரேன் தம்பி, படிக்கக் கேட்டு நிக்காவ" என்றாள். யார் கேட்கிறார்கள் என்று விசாரிக்கக்கூட இல்லை. ஆச்சி பொருளைத் தின்றுவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் எழுந்து போனாள்.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் மாடிக்கு ஏற்றவே நேரம் சரியாக இருந்தது. தண்ணீர் வடிந்தபின் பீரோவைத் திறந்தேன். சாவி போட்டுத்தான் திறந்தேன். மூன்று தொகுப்பும் ஊறிப்போயிருந்தன. தாளுக்குத் தாள் செய்தித்தாள் செருகி, ஃபேனுக்குக் கீழே வைத்து மூன்று நாள் பார்த்தேன். பத்திரிகைத் தாள்தானே, தொட்ட இடம் உளுந்து மாவு மாதிரிக் கையோடு வந்தது. ஆச்சி நறுக்கிய விளிம்புகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன.

பொங்கல் கழிந்து மதினி தன் மகனிடம் நாலாவது தொகுப்பைக் கொடுத்தனுப்பினாள். நான் கேட்கவில்லை. பழுப்புத் தாளில் புது அட்டை போட்டிருந்தது. பக்க இடுக்கெல்லாம் புகையிலைத் தூள். அந்தத் தெருவில் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் சுற்றுவார்களாம். வாசிக்கிறவளின் கணக்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்துவிடுவார்களாம். பின்தாளைப் பார்த்தேன். ஆச்சி காலத்துப் பெயர்கள் 23. அதற்குக் கீழே தாள் ஒட்டி, மதினி கையெழுத்தில் 41 பெயர், தேதியோடு. எல்லாவற்றுக்கும் எதிரே 'சொல்லியாச்சு' என்று எழுதியிருந்தாள். ஆச்சி கதை கேட்ட வழக்கத்தை அவள் விடவில்லை. நான் விட்டுவிட்டேன்.

சுரண்டைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தாள். அடுத்த தொகுப்பு எப்போது தருவாய் என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

தம்பி, அந்த ஏழு புத்தகமும் தொலைந்தது போலவே எழுதுகிறீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? போய்க் கேட்டீர்களா? யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். துடைக்கிற வேலை ஒரு வாரம் நிற்கட்டும். புத்தகம் வேண்டும் என்று கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். ஒன்றிரண்டு நிஜமாகவே எடைக்குப் போயிருக்கும். வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் கதவில் ஒட்டியிருக்கிற அந்தக் காகிதத்தை நீங்களே கிழித்துவிடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அலமாரியில் தொங்கவிடுங்கள், பெயரும் தேதியும் எழுதிக்கொள்ள.

ராமபாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நாலாவது தொகுப்பில் ஒரு துளைகூட இல்லை. மயில்துத்தமோ, புகையிலையோ, நாள் தவறாமல் யாரோ புரட்டியதோ, எதுவென்று சொல்லத் தெரியவில்லை.

அதில் இப்போது 64 பெயர் இருக்கிறது. கீழே இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் முகவரியை அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவைக்கிறேன். ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். உறை போடக் கூடாது. திருப்பித் தர நீங்களே நேரில் வாருங்கள், அம்பையிலிருந்து ஜங்ஷனுக்குப் பஸ் நிறைய இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டுப் போகலாம். பதின்மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். எண்ணெய் பட்டு ஒரு மூலை நைந்திருக்கிறது.