ஆறு படமும் ஒரு தலைவலியும்

அன்புள்ள சார்,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். குறும்படம் எடுக்க ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் அறையில் புரொஜெக்டர் வைத்து ஆறு வெளிநாட்டுக் குறும்படங்களைத் தொடர்ந்து பார்த்தோம். ‘லா ஜெத்தே’, ‘க்ளாஸ்’ இரண்டும் பிடித்தன. ‘டேங்கோ’வுக்குச் சிரித்தோம். பெலெஷியானின் ‘பருவங்கள்’ ரொம்ப நீளம். ‘மாத்லைட்’, ‘ஆர்னுல்ஃப் ரைனர்’ இரண்டும் சத்தியமாகப் புரியவில்லை, தலைவலிதான் மிச்சம். பூச்சி இறக்கையை ஒட்டி ஓட்டினால் அது சினிமாவா? கதை வேண்டாமா? எங்களிடம் குறையா, இல்லை இதெல்லாம் ஏமாற்று வேலையா? எங்களுக்குக் குறும்படம் என்பது தயாரிப்பாளரிடம் நீட்டுகிற விசிட்டிங் கார்டு. அப்படி நினைப்பது தப்பா சார்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

தலைவலியை முதலில் தீர்த்துவிடுவோம். அதற்குக் காரணம் ‘ஆர்னுல்ஃப் ரைனர்’. ஆஸ்திரியாவின் பீட்டர் குபெல்கா 1960-ல் முடித்த அந்தப் படத்தில் மொத்தமே நான்கு சரக்குதான்: வெள்ளை ஃபிரேம், கறுப்பு ஃபிரேம், இரைச்சல், மௌனம். ஆறரை நிமிடம் வெளிச்சம் கண்ணில் அறைந்து அறைந்து விலகும். கூசத்தான் செய்யும். எனக்கும் ஒரு தடவைக்கு மேல் ஆகவில்லை. ஆனால் அதில் புரிந்துகொள்ள எதையும் ஒளித்துவைக்கவில்லை, தாளம்தான் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் கேட்டுவிட்டு ‘வித்வான் என்ன சொல்ல வருகிறார்?’ என்று யாரும் கேட்பதில்லையே.

‘மாத்லைட்’ வேறு விஷயம். அதை முதலில் லேப்டாப்பில் பார்த்தபோது ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து நானே பாதியில் மூடியவன். அது உருவான விதம் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல் செய்த படம். ‘எடுத்த படம்’ என்று எழுத முடியாது, கேமராவே கிடையாது. கையில் காசு இல்லாத காலம். விளக்கில் மோதிச் செத்துக் கிடந்த விட்டில்களின் இறக்கைகள், பூவிதழ், புல் என்று பொறுக்கி, 16 எம்எம் படச்சுருளை ஒட்டப் பயன்படும் டேப் இரண்டுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அதையே லேபில் கொடுத்துப் பிரதி போட்டார். அவ்வளவுதான் படப்பிடிப்பு.

16 எம்எம்மில் ஒரு ஃபிரேமின் அகலம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம், உயரம் முக்கால் சென்டிமீட்டர். பெரிய இறக்கை அதற்குள் அடங்காது. இரண்டு மூன்று ஃபிரேம் தாண்டி நீளும். புரொஜெக்டருக்கு அதெல்லாம் தெரியாது. வினாடிக்கு 24 என்று அது தன் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டே போகும். ஒரே இறக்கையின் நுனி, நரம்பு, அடிப்பாகம் என்று துண்டு துண்டாகத் திரையில் அடித்துக்கொண்டு ஓடும். செத்த இறக்கை படபடப்பது அப்படித்தான். விளக்கில் விழும் விட்டில் நம் பாடல்களில் தேய்ந்துபோன உவமை. இவர் விளக்கில் செத்ததைத் திரும்பவும் ஒரு விளக்குக்கு முன்னால் கொண்டுவந்து பறக்க விட்டிருக்கிறார். நாலு நிமிடம்கூட வராது, இன்னொரு தரம் பாருங்கள். தனியாக, அது ஒன்றை மட்டும். ஒலியே இல்லாத படம், முடிந்தால் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.

ஆறையும் ஒரே மூச்சில் பார்த்ததுதான் நீங்கள் செய்த தப்பு. ஆறு ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வரிசையாக நக்கினால் பிறகு சோறே கசக்கும்.

கதை வேண்டாமா என்கிறீர்கள். ‘க்ளாஸ்’ பிடித்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஹாலந்தில் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958-ல் எடுத்த அதில் கதை எங்கே இருக்கிறது? கண்ணாடி ஊதுகிறவர்களுக்கு நாதஸ்வரக்காரர் மாதிரி கன்னம் உப்புகிறது, பின்னால் ஜாஸ். அப்புறம் இயந்திரம். கழுத்து உடைந்த ஒரு பாட்டில் சிக்கிக்கொள்ள, பின்னால் வருவதெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்து நொறுங்குகிறது. இயந்திரம் கண்டுகொள்ளாது. ஒரு மனிதக் கை வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைக்காரர் நீங்கள், அந்த இடத்தில் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள். ஆக, கதை இல்லாதது உங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

‘லா ஜெத்தே’யில் கதை இருக்கிறது. போரில் அழிந்த பாரிஸிலிருந்து ஒருவனை இறந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். கிறிஸ் மார்க்கர், 1962, 28 நிமிடம், கிட்டத்தட்ட முழுக்க அசையாத புகைப்படங்கள். அந்தப் பெண் தூங்கும் இடத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு படம் கரைந்து அடுத்தது வருகிறது. தலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது, கை இடம் மாறியிருக்கிறது. பறவைகளின் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. சட்டென்று கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்து இமைக்கிறாள். சில வினாடிதான். அந்தப் படத்தில் அசைவது அது ஒன்றுதான். உங்கள் அறையில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்று விசாரியுங்கள். அதே கதையிலிருந்து டெர்ரி கில்லியம் 1995-ல் ‘12 மங்கீஸ்’ எடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், எனக்குப் பிடித்த படம்தான். ஆனால் எல்லாமே அசைகிற படத்தில் ஓர் இமை அசைந்தால் யாருக்குத் தெரியும்?

‘பருவங்கள்’ நீளம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆர்மீனிய மேய்ப்பர்கள் ஆட்டைக் கட்டிப்பிடித்தபடி பனிச்சரிவில் வழுக்கிக்கொண்டு வருவதை 29 நிமிடமும் காட்டினாலும் பார்ப்பேன்.

விசிட்டிங் கார்டு என்று நினைப்பதில் தப்பே இல்லை. கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் ‘நாளைய இயக்குநர்’ என்ற டிவி குறும்படப் போட்டி வழியாகத்தானே வந்தார்கள். அந்தக் கார்டையும் அடியுங்கள். கூடவே ஒரு மூன்று நிமிடம், யாரிடமும் நீட்டாமல், ஷிஃப்ட் முடிந்து கை கழுவுகிற இடத்தைப் போனில் எடுத்துப் பாருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு.

இன்னொன்று. இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் சரிப்படும் என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். பிரமோத் பதி 1968-ல் ‘எக்ஸ்ப்ளோரர்’ எடுத்தது ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக, அதாவது அரசாங்கக் காசில். சுமார் ஏழு நிமிடம். இளைஞர்கள், ஆய்வுக் கருவிகள், வழிபாடு என்று எதிலும் கண் நிலைக்காத வேகம். அன்றைக்குத் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களைக் கட்டாயம் ஓட்ட வேண்டும். நம் ஆட்கள் அந்த நேரத்தில் வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அடுத்த ஞாயிறு அதை மட்டும் போடுங்கள். எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று எழுதுங்கள்.