நின்றால் கொதிக்குது, ஓடினால் ஆறுது!
பட்டறைப் பதில்கள்

கேள்வி: என்னுடையது 11 வருடப் பழைய பெட்ரோல் கார். பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலையில் வரும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் பத்து நிமிடம் மாட்டினால் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டார். அப்புறமும் அதே கதைதான். வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டுகிறேன். (வாசகர், குடியாத்தம்)

பதில்: பாதி பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். சத்துவாச்சாரியில் பட்டறை போட்டு 34 வருடம் ஆகிறது. 'சூடாகுது' என்று வருகிறவரிடம் பானெட்டைத் திறக்கும் முன் நான் கேட்பது ஒன்றே ஒன்று: எப்போ சூடாகுது? நிற்கும்போதா, ஓடும்போதா, மேடு ஏறும்போதா? இதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாக ரேடியேட்டரில் வந்து அடிக்கும். நிற்கிற வண்டிக்கு ஃபேன்தான் கதி. ரேடியேட்டர் அடைத்திருந்தால் நெடுஞ்சாலை வேகத்திலேயே முள் ஏறியிருக்கும். அதனால் என் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே. பல வண்டிகளில் ஹார்ன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே மாதிரியாக இருக்கும். மேலே அச்சடித்த எண் ஒத்துப்போனால் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் செருகிப் பாருங்கள், செலவே இல்லை. ரிலே நன்றாக இருந்தால் அடுத்தது மோட்டார். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரின் முதுகில் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் சுற்றத் தொடங்குகிறதா? உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, இன்னும் சில நாள்தான் தாங்கும். ஏசி போட்டால் சுற்றுகிறது, அணைத்தால் எவ்வளவு சூடானாலும் சுற்றவில்லை என்றால் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். விரலை உள்ளே விடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று அதைப் பிடுங்கி எறியும் வழக்கம் எங்கள் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ஏறக்குறைய 82 முதல் 90 டிகிரிக்குள் திறந்து, இன்ஜின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், மைலேஜ் குறையும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றிப் பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டுக் காய்ச்சுங்கள். கொதிக்கும் முன் வாய் திறந்தால் நல்ல தெர்மோஸ்டாட். உங்கள் வண்டிக்குப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

போர் தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். நம் பக்கத்துத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இப்போது அடைப்பு இல்லாத ரேடியேட்டரை நீங்களே அடைத்துவிடுவீர்கள். பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் இந்தக் கலவை 120 டிகிரியிலும் கொதிக்காது.

மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். என் இடது முழங்கையில் உள்ள தழும்புக்கு 36 வயது. வேலை கற்றுக்கொண்டிருந்தபோது வாடகைக் கார் ஒன்றின் ரேடியேட்டர் மூடியை, ஈரத்துணி இருக்கிற தைரியத்தில் திருகினேன். அழுத்தம் போன நொடியில் உள்ளே இருந்த மொத்தமும் கொதித்து மேலே பீய்ச்சியது. துணி எங்கே போனது என்றே தெரியவில்லை.

கேள்வி: பச்சை கூலன்ட்டில் சிவப்பைக் கலக்கலாமா? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: வேண்டாம். சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும். நிறத்தையும் நம்பாதீர்கள், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் வகையை வாங்குங்கள்.

கேள்வி: ஏலகிரி ஏறும்போது பத்தாவது வளைவுக்குள் டீசல் கார் சூடாகிவிடுகிறது. ஆம்பூரிலிருந்து பொன்னேரி வரை ஒன்றும் இல்லை. (வாசகி, ஆம்பூர்)

பதில்: சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள், இன்ஜினுக்கு மட்டும் அங்கே இரக்கம் கிடையாது. வேகம் குறைவு, பாரம் அதிகம். சமதளத்தில் ஒளிந்திருக்கிற குறை இந்த மாதிரி மலையில்தான் வெளியே வரும்.

ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி, பூச்சி, இலைச் சருகு என்று மெத்தை போட்டதுபோல் படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அழுத்தம் கூடினால் தகடுகள் மடங்கிவிடும். அது சுத்தமாக இருந்தால் உள் அடைப்பையும் வாட்டர் பம்பையும் பார்க்க வேண்டும். மலையில் மேல் கியரில் திணறவிடாமல் ஒரு கியர் இறக்கியே ஏறுங்கள். பம்ப் வேகமாகச் சுற்றும். முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள். வியர்க்கும், பரவாயில்லை. சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைகிறதா? காலையில் ஆறிய இன்ஜினைக் கிளப்பி, ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தாலோ, ஆயில் மூடியின் உள்ளே பால் கலந்ததுபோல் இருந்தாலோ ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கலாம். அப்படியிருந்தால் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள். ஹெட் வளைந்துவிட்டால் லேத்துக்குப் போகிற செலவும் சேர்ந்துகொள்ளும்.