பேஸ்பாலில் ‘வார்’ என்ற எண் எதைக் குறிக்கிறது? ஏப்ரல் மாதத்தில் அதை நம்பலாமா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் பேசப்படும் ‘வார்’ (WAR, Wins Above Replacement) என்பது, ஒரு வீரரின் இடத்தில் எளிதில் கிடைக்கக்கூடிய சாதாரண மாற்று வீரர் ஆடியிருந்தால் அணி எத்தனை வெற்றிகளை இழந்திருக்கும் என்பதற்கான மதிப்பீடு. பூஜ்யத்தோடு ஒப்பிடாமல் மாற்று வீரரோடு ஒப்பிடுவதற்குக் காரணம், ஒருவர் காயமடைந்தால் அவர் இடம் காலியாக நிற்பதில்லை, மைனர் லீக்கிலிருந்து (கீழ்நிலை லீக்) ஒருவர் வந்துவிடுவார் என்பதே. கல்யாணச் சமையல்காரர் கடைசி நேரத்தில் வராவிட்டாலும் பந்தி நின்றுபோவதில்லை. கிடைத்தவரின் சாப்பாட்டுக்கும் அவர் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசமே அவருடைய மதிப்பு. ஆடும் இடமும் கணக்கில் சேர்கிறது: ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்), கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) இடங்களுக்குத் தகுதியானவர்கள் குறைவு என்பதால், அதே அளவு அடிக்கும் முதல் பேஸ் வீரரைவிட அவர்களுக்குக் கூடுதல் மதிப்பு.

ஏப்ரலில், அதாவது பருவத் தொடக்கத்தில், இந்த எண்ணை வைத்துச் சண்டையிடுவது, என் பார்வையில், வீண் வேலை. 162 ஆட்டங்களில் முதல் இருபத்தைந்து மிகச் சிறிய பகுதி; நன்றாக அடித்த பந்து தடுப்பாளரின் கைக்கே போவது போன்ற தற்செயல்கள் அதற்குள் சமநிலைக்கு வருவதில்லை. 2006இல் டெட்ராய்ட் அணியின் கிறிஸ் ஷெல்டன் ஏப்ரலில் மட்டும் 10 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை) அடித்தார். அந்தப் பருவம் முழுவதற்கும் அவர் கணக்கு 16 தான். மாறாக, 2024 ஏப்ரல் முடிவில் .207 பேட்டிங் சராசரியோடு (அடிக்கும் வாய்ப்புகளில் சுமார் ஐந்தில் ஒன்றில்தான் வெற்றி) தடுமாறிய நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ், .322 சராசரியும் 58 ஹோம் ரன்களுமாகப் பருவத்தை முடித்து, அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார்.

5.2 ‘வார்’ உள்ளவர் 4.9 உள்ளவரைவிட உறுதியாகச் சிறந்தவர் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இது மதிப்பீடு மட்டுமே என்பதால், ஒரே வீரருக்கு ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஆகிய புள்ளிவிவர இணையதளங்கள் வெவ்வேறு எண்களைத் தருவது வழக்கம்.